லைட் பத்தலையாம்!

செடி வளர்க்கும் மீன்தொட்டிகளின் உலகத்தில் எல்லா நோய்க்கும் மருந்து ஒன்றுதான். இலை மஞ்சளித்தால் லைட் பத்தலை. இலையில் ஓட்டை விழுந்தால் லைட் பத்தலை. தண்டு நெட்டையாகப் போனால் லைட் பத்தலை; வளராமல் நின்றாலும் லைட் பத்தலை. கண்ணாடி முழுக்கப் பாசி ஏறி, மீன் உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் நிலைமை வந்த பிறகும், "இன்னொரு லைட் போட்டுப் பாருங்க சார், செடி எந்திரிச்சிட்டா பாசி தன்னால போயிடும்" என்று சொல்ல ஆள் இருக்கிறது. மூன்றடித் தொட்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்த வரையில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். இப்போது ஆறடித் தொட்டிகளின் காலம். வரவேற்பறைச் சுவரை அடைத்துக்கொண்டு ஒன்று, அலுவலக வாசலில் ஒன்று. கேட்டு வருகிறவரின் நிபந்தனையும் மாறாத ஒன்றுதான்: பெரிதாக இருக்க வேண்டும், பச்சைப்பசேல் என்று இருக்க வேண்டும், அடிக்கடி கையை விட்டுக் கிண்டிக்கொண்டிருக்க நேரமில்லை. இந்த மனிதருக்கும் அதே மருந்துச்சீட்டை நீட்டி, லிட்டருக்கு அரை வாட், முடிந்தால் ஒரு வாட் என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அங்கேதான் பொறுமை போகிறது. பராமரிப்பு வேண்டாம் என்று சொல்லி வந்தவரிடம் பராமரிப்பை வாட் கணக்கில் விற்கிறார்கள். அவரும் வாங்கிப் போகிறார்.

இதை மறுக்க ஆராய்ச்சிக்கூடம் எதுவும் வேண்டாம், பள்ளிக்கூடம் போதும். ஹைட்ரில்லா ஞாபகம் இருக்கிறதா? பீக்கரில் நாலு தண்டு, அதன்மேல் கவிழ்த்த புனல், புனலின் காம்புக்கு மேல் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த சோதனைக்குழாய். வெயிலில் வைத்தால் வெட்டுப்பட்ட தண்டின் நுனியிலிருந்து பாசிமணி கோத்ததுபோல் குமிழிகள் ஏறும். குழாயின் தலையில் சேர்ந்த வாயுவில் கனல் குச்சியைக் காட்டினால் குப்பென்று பற்றும். ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் வெளிப்படுகிறது என்று நோட்டில் எழுதி, படமும் வரைந்து, மதிப்பெண் வாங்கிக்கொண்டு மறந்தாயிற்று. அந்தச் சோதனையின் இன்னொரு பாதிதான் இங்கே முக்கியம். அதே பீக்கருக்குப் பக்கத்தில் ஒரு விளக்கை வைத்து, நிமிடத்துக்கு எத்தனை குமிழி என்று எண்ண வேண்டும். விளக்கை நெருக்கினால் குமிழி கூடும். இன்னும் நெருக்கினால் இன்னும் கொஞ்சம் கூடும். ஒரு கட்டத்துக்குப் பிறகு விளக்கைக் கண்ணாடியில் ஒட்டியே வைத்தாலும் எண்ணிக்கை அசையாது. அப்போது ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவைத் தண்ணீரில் போடுங்கள். விளக்கு அதே விளக்கு, இடம் அதே இடம். குமிழி மறுபடி விறுவிறுவென்று ஏறத் தொடங்கும். செடி காத்துக்கொண்டிருந்தது கரிக்காக, அதாவது கார்பனுக்காக. விளக்குக்காக இல்லை. எஃப். எஃப். பிளாக்மேன் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1905இல் விதியாக எழுதி வைத்ததும் இதைத்தான்: பல காரணிகள் சேர்ந்து நடத்தும் வேலையின் வேகத்தை, இருப்பதில் மிகக் குறைவாக உள்ள காரணிதான் தீர்மானிக்கும். கல்யாணப் பந்தியில் நூறு இலை போட்டுவிட்டால் நூறு பேர் சாப்பிட்டுவிட முடியாது. அண்டாவில் சோறு இருக்க வேண்டும். விளக்கு என்பது இலை போடுகிற வேலை. கடைக்காரர் இலையை மட்டும் விரித்துக்கொண்டே போகிறார்.

அண்டாவில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடலாம். காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன்டை ஆக்சைடு, நம் ஊர் வெப்பத்தில் லிட்டருக்குச் சுமார் அரை மில்லிகிராம். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமுள்ள தொட்டி விளிம்பு வரை நிரப்பினால் ஏறக்குறைய 680 லிட்டர் பிடிக்கும். பெருக்கினால் மொத்தத் தொட்டியிலும் கிடைப்பது கிராமில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது ஒரு சிட்டிகை உப்பின் எடை. மீன்கள் விடும் மூச்சும், அடிமண்ணில் மக்கும் கழிவும் இதைக் கொஞ்சம் உயர்த்தும் என்பது உண்மை. சிலிண்டர் வைத்துக் குமிழி விடுகிறவர்கள் லிட்டருக்கு 20, 30 மில்லிகிராம் என்று வைத்திருப்பதோடு ஒப்பிட்டால் அந்தக் கொஞ்சம் கொஞ்சம்தான். போதாததற்கு, காற்றில் பரவுவதைக் காட்டிலும் தண்ணீரில் இந்த வாயு ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இலையை ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் இருந்ததை இலை உறிஞ்சிவிட்டால், அடுத்த கவளம் நகர்ந்து வரும்வரை அது சும்மா நிற்க வேண்டியதுதான். சிலிண்டர் இல்லாத, உரம் அளந்து ஊற்றாத, வாராவாரம் பாதித் தண்ணீர் மாற்றாத தொட்டிக்குத்தான் 'குறைந்த பராமரிப்பு' என்று பெயர். அந்தத் தொட்டியில் சோறு இவ்வளவுதான். அதற்கேற்றபடி இலை போடுங்கள் என்பதைத் தவிர இந்தக் கட்டுரைக்கு வேறு சங்கதி கிடையாது.

கூடுதல் வெளிச்சம் வீணாகப் போனால்கூடப் பரவாயில்லை, மின்கட்டணத்தோடு போயிற்று என்று விட்டுவிடலாம். அது வீணாகப் போவதில்லை. ஆள் மாறிப் போகிறது. காலி இலையில் யாராவது வந்து உட்கார்ந்துதானே தீருவார்கள். பாசிக்குத் தேவைப்படும் கரியின் அளவு சொற்பம். அதன் உடம்பு நூலிழை, உடம்பின் பெரும்பகுதி நேரடியாகத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வேர், தண்டு, கிழங்கு என்று குடும்பபாரம் கிடையாது. செடி பசியில் நிற்கிற வெளிச்சத்தில் பாசி வயிறாரச் சாப்பிடும். நம்பாதவர்கள் ஓர் அனுபியாஸ் இலையைக் கிட்டத்தில் பார்க்கலாம். மேற்கு ஆப்பிரிக்க ஓடைக்கரை நிழலில் வளரும் செடி அது. நிழலில் வாழ்வதாலேயே எகிப்தியரின் இறந்தோர் தெய்வமான அனுபிஸின் பெயரைத் தாவரவியலாளர் அதற்கு வைத்தார்கள். தோல்போல் தடித்த இலை. புது இலை ஒன்று விரிய வாரக்கணக்கில் ஆகும். விரிந்த இலை ஒரு வருடத்துக்கு மேலும் நிற்கும். இதன்மேல் பலமான விளக்கைத் தொங்கவிட்டால் முதலில் பச்சைப் புள்ளி, பிறகு இலையின் ஓரம் முழுக்கப் பூனை மீசைபோல் கறுப்புத் தாடிப் பாசி. நகத்தால் சுரண்டினாலும் வராது. இலையின் உடம்பு ஒரு வருடம் நிலைத்திருப்பதால் பாசிக்கு அது ஒரு வருடக் குத்தகை நிலம். அனுபியாஸுக்கு லைட் பத்தலை என்று சொல்கிறவர் அந்தச் செடியின் பெயரைக்கூட விசாரிக்கவில்லை என்று அர்த்தம்.

மறுபடி ஹைட்ரில்லாவுக்கே வருவோம், ஏனென்றால் அதன் மிச்சக் கதை இன்னும் ருசியானது. நம் பக்கத்துக் குளங்களில் சாதாரணமாகக் கிடக்கும் இந்தச் செடி, 1950களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அனுப்பச் சொன்னது வேறு யாருமில்லை, மீன்தொட்டி வியாபாரம்தான். ஃபுளோரிடாவில் அது தொட்டியிலிருந்து வெளியே விழுந்தது. 1960இல் மயாமி அருகே ஒரு கால்வாயிலும், கிரிஸ்டல் ரிவர் என்ற ஊற்று நதியிலும் கண்டுபிடித்தார்கள். அன்று தொடங்கிய சண்டை இன்னும் முடியவில்லை. இயந்திரம் வைத்து அறுத்தார்கள், மருந்து தெளித்தார்கள், புல்கெண்டை மீன்களை விட்டார்கள், கோடிகோடியாக டாலரைக் கொட்டினார்கள். 1996இல் லாங்லேண்ட் என்ற தாவர அறிஞர் அதைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு 'குறையே இல்லாத நீர்க்களை' என்ற பொருளில் தலைப்பு வைத்தார். எதனால் அது இவ்வளவு வெற்றி பெற்றது என்று ஆராய்ந்தவர்கள் சொன்ன முதன்மையான காரணங்களில் ஒன்று, மற்ற செடிகள் கைவிட்ட மங்கலில் அது பிழைக்கும் என்பது. முழு வெயிலின் ஒரு சதவீதம் அளவுக்கு இறங்கிய வெளிச்சத்திலும் வளரும். விடிந்தும் விடியாத நேரத்தில், பிற செடிகள் ஒளிச்சேர்க்கையைத் தொடங்கும் முன், இரவில் தண்ணீரில் சேர்ந்த கரியை எடுத்துக்கொண்டு போய்விடும். கரைந்த வாயு தீர்ந்தால் பைகார்பனேட்டிலிருந்தும் கரியைப் பிரித்துக்கொள்ளும். ஆப்ப சோடாவுக்கு அது ஏன் துள்ளியது என்று இப்போது புரிகிறதல்லவா? நதிகளை அடைத்து நின்ற ஒரு செடி, ஒரு மாநிலத்தின் கஜானாவைக் காலி செய்த செடி, வெளிச்சத்தில் சிக்கனம் பிடித்தும் கரியில் கெட்டிக்காரத்தனம் காட்டியும் ஜெயித்திருக்கிறது. யாராவது அதனிடம் போய் லைட் பத்தலை என்று சொல்லியிருந்தால் ஃபுளோரிடா பிழைத்திருக்கும்.

வாட் கணக்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்கத் தொட்டிக்காரர்கள் கேலனுக்கு இரண்டு வாட், மூன்று வாட் என்று வாய்ப்பாடு வைத்திருந்தார்கள். அது ஒன்றரை அங்குலத் தடிமனும் ஓரங்குலத் தடிமனும் கொண்ட குழல்விளக்குகளின் காலம். எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே மாதிரி விளக்கு, ஒரே மாதிரி தகரக் கூடு, பெரும்பாலும் ஒரே உயரத் தொட்டி. அதனால் வாட்டைச் சொன்னாலே வெளிச்சத்தைச் சொன்ன மாதிரி ஆயிற்று. அந்த வாய்ப்பாடு கேலனிலிருந்து லிட்டருக்கு மாறி, குழல்விளக்கிலிருந்து எல்இடிக்கு மாறி, யாரும் எதையும் திருத்தாமல் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. நீல எல்இடியைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, ஹிரோஷி அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்களே, எதற்கு? அதே வாட்டில் அதிக வெளிச்சம் கிடைப்பதற்கு வழி திறந்தார்கள் என்பதற்கு. நம் வீட்டுக் கூடத்தில் 40 வாட் ட்யூப்லைட் இருந்த இடத்தில் இன்று 18, 20 வாட் பட்டை எரிகிறது. வீடு இருட்டிவிட்டதாக யாரும் புகார் சொல்லவில்லை. தொட்டிக்கு மட்டும் 1980களின் வாட்டே வேண்டுமாம். இன்னொரு கோளாறும் அதில் உண்டு: வாட் என்பது விளக்கு சாப்பிடும் மின்சாரம், லிட்டர் என்பது தண்ணீரின் கொள்ளளவு. செடி இரண்டையும் அறியாது. அது தரையின் ஒரு சதுர அடியில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதை மட்டும் அறியும். சாப்பாட்டுக்குச் செலவான விறகைச் சமையலறையின் கன அடியால் வகுத்துப் பசியைக் கணக்கிடுவதுபோன்ற காரியம் இது.

சரியான கணக்கும் கடினமானதில்லை. நிழல்தாங்கிச் செடிகளுக்கு மண்மட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்கு வினாடிக்கு 30 முதல் 50 மைக்ரோமோல் ஒளி தாராளம். (நடுப்பகல் வெயில் சுமார் 2,000.) நம் ஆறடித் தொட்டியின் தரை 1.1 சதுர மீட்டர். 40 என்று வைத்துக்கொண்டால் தரைக்கு 44 மைக்ரோமோல் வந்து சேர வேண்டும். விளக்கிலிருந்து கிளம்புவதில் பாதி வழியில் போய்விடுகிறது என்று கழித்தால் 88. சுமாரான வெள்ளை எல்இடிகூட ஒரு வாட்டுக்கு ஒன்றரை மைக்ரோமோல் தரும். நல்லது இரண்டுக்கு மேல். ஆக 45 முதல் 60 வாட். இதே தொட்டிக்கு லிட்டருக்கு அரை வாட் கணக்கு கேட்பது 340 வாட். ஒரு வாட் கணக்கோ 680. 340 வாட் விளக்கைப் பத்து மணிநேரம் எரித்தால் இரண்டு மாதத்தில் 204 யூனிட். 60 வாட்டை ஏழு மணிநேரம் எரித்தால் 25. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 500ஐத் தாண்டும் வீட்டுக்குக் கட்டண விகிதமே வேறு என்பதெல்லாம் மின்கட்டண அட்டையைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். ஏசி ஓடும் கோடை மாதத்தில் தொட்டி விளக்கு ஒன்றே வீட்டை அந்தக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிடக் கூடும். அத்தனை செலவும் பாசி வளர்ப்பதற்கு.

இந்த இடத்தில் படம் காட்டுவார்கள். ஜப்பானியப் பாணித் தொட்டி, தரையில் கம்பளம் விரித்த மாதிரி புல், நடுவில் கல், மேலே பளீரென்ற விளக்கு. இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்பார்கள். தகாஷி அமானோ (நோபல் அமானோ வேறு, இவர் வேறு, பெயர்ப்பொருத்தம் அழகாகத்தான் இருக்கிறது) 1954இல் பிறந்து 2015இல் மறைந்த புகைப்படக் கலைஞர், இந்தக் கலையின் தகப்பன் என்றே சொல்லலாம். லிஸ்பன் நகர மீன்காட்சியகத்தில் அவர் கடைசியாக அமைத்த நீருக்கடிக் காடு 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர். அங்கே பார்க்கிறவர் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்; பராமரிக்கிறவர் சம்பளம் வாங்கிப் பராமரிக்கிறார். அமானோ பாணியில் பலமான விளக்கு இருக்கிறதென்றால் அதனடியில் கார்பன்டை ஆக்சைடு சிலிண்டரும், தினசரி உரமும், தவறாத தண்ணீர் மாற்றமும், வளைந்த கத்தரிக்கோலும் இருக்கின்றன. அந்தத் தொட்டியில் அண்டா நிறையச் சோறு உண்டு, ஆகவே நூறு இலை போடுகிறார்கள். படத்தில் விளக்கு தெரிகிறது, சிலிண்டர் அலமாரிக்குள் இருக்கிறது. படத்தைப் பார்த்து விளக்கை மட்டும் வாங்கிக்கொண்டு வருவது, கச்சேரி கேட்டுவிட்டு வீட்டுக்கு மைக் வாங்கி வருவதற்குச் சமம். சிவப்புச் செடி சிவக்காதே என்பார்கள். சிவக்காதுதான். பலமான ஒளியும் அதற்கு ஈடான கவனிப்பும் கேட்கிற செடியைக் கவனிப்பு வேண்டாத தொட்டியில் நட்டுவிட்டு விளக்கைக் கோபித்து என்ன பயன்? இலங்கை ஓடைகளுக்கே உரிய வென்ட்டி கிரிப்டோகோரைனில் பழுப்பும் செம்மண் நிறமும் கலந்த வகைகள் இருக்கின்றன. மங்கலிலும் அந்த நிறம் அவ்வளவாகப் போகாது.

அடுத்தது வெயில் வாதம். "சூரியனைவிடவா சார் உங்க விளக்கு பெரிசு? குளத்துல செடி வளரலையா?" வளர்கிறது. குளத்துத் தண்ணீரின் நிறம் என்ன என்று கேட்டுவிட்டு மேலே பேசலாம். நேர்வெயில் விழும் ஆழமற்ற குட்டையில் கோடையில் கை விட்டால் விரல் தெரியாது, பச்சைத் தண்ணீர். தெளிந்து கிடக்கும் குளத்தில் மேற்பரப்பைத் தாமரையோ அல்லியோ மூடி, தொண்ணூறு பங்கு வெயிலைத் தானே வைத்துக்கொண்டிருக்கும். அவற்றுக்கு அந்த வெயில் கட்டுப்படியாகிறது, ஏனென்றால் இலை காற்றில் இருக்கிறது, காற்றில் கரிக்குப் பஞ்சமில்லை. கீழே இருளில் நிற்கிறவர் யார்? ஹைட்ரில்லாதான். தொட்டி ஆழம் என்ற சாக்கும் இதே ரகம். இரண்டடித் தண்ணீர் சிவப்பொளியில் ஐந்தில் ஒரு பங்கைக் குடிக்கும், நீலத்தை அனேகமாகத் தொடாது. மரக்கட்டை போட்டுத் தண்ணீர் டீ நிறமானால் நீலமும் குறையும். பக்கவாட்டில் தப்பப் பார்க்கும் ஒளியில் பெரும்பகுதியைக் கண்ணாடிச் சுவர் உள்ளேயே திருப்பி அனுப்புகிறது. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசி என்று இயற்பியல் புத்தகத்தை நீட்டுவார்கள். அது ஒற்றைப் புள்ளி விளக்குக்கும் திறந்த வெளிக்கும் எழுதிய விதி. ஆறடி நீளப் பட்டை விளக்கும் நாலு பக்கக் கண்ணாடியும் அந்தப் பக்கத்தில் இல்லை.

பேச்சு விளக்குப் பெட்டிக்கு வந்துவிட்டதால் பெட்டியின் மேலிருக்கும் வாசகங்களையும் விட மனசில்லை. லூமன் எவ்வளவு என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். லூமன் என்பது மனிதக் கண்ணுக்குத் தைத்த சட்டை. 555 நானோமீட்டர் பச்சையில் நம் கண் உச்சத்தில் இருப்பதால் அதற்கேற்ப அளந்தது. செடிக்குக் கண் கிடையாது. சரி, செடிக்குத்தான் பச்சை வேண்டாமே, சிவப்பும் நீலமும் மட்டும் போதுமே என்று கத்தரிப்பூ நிறத்தில் ஒரு விளக்கை அடுத்த தட்டில் வைத்திருப்பார்கள். 1972இல் மெக்ரீ என்பவர் 22 வகைப் பயிர்ச்செடிகளின் இலைகளை ஒவ்வொரு நிறத்திலும் வைத்து அளந்தார். பச்சையிலும் இலை உருப்படியாக வேலை செய்தது, சிவப்பைவிடக் குறைவு என்றாலும் ஒதுக்கித் தள்ளும் குறைவில்லை. இலையிலிருந்து பிழிந்தெடுத்த பச்சையத்தைச் சோதனைக்குழாயில் அளந்த பழைய படத்தை வைத்துக்கொண்டு இன்னும் கத்தரிப்பூ வியாபாரம் நடக்கிறது. அந்த விளக்கின் உண்மையான வேலை வேறு: சிவப்பு மீனை மேலும் சிவப்பாகக் காட்டி விற்பது. துணிக்கடையில் புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கத் தெரிந்த நம் பெண்கள் மீன்கடையில் மட்டும் ஏன் ஏமாற வேண்டும்?

பாசி வந்தாயிற்று, விளக்கைக் குறைக்க மாட்டேன் என்றால் அடுத்து என்ன நடக்கும்? சக்கர் மீன் வரும். 'டேங்க் கிளீனர்' என்று பெயரிட்டு இரண்டங்குலக் குஞ்சாக விற்கும் இந்தத் தென்னமெரிக்கக் கெளுத்தி, தொட்டிக்குள் ஓரடிக்கு மேல் வளர்ந்து, செடிகளை வேரோடு பெயர்த்து, தின்றதைக் காட்டிலும் கழித்ததை அதிகமாக்கி, பாசிக்கு உரம் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும். வைத்துக்கொள்ள முடியாமல் ஒருநாள் வாளியில் எடுத்துப்போய் ஏரியில் விட்டுவிடுவார்கள், கொல்ல மனம் வராத ஜீவகாருண்யர்கள். சென்னையைச் சுற்றிய நீர்நிலைகளில் வலை போடுகிறவர்களைக் கேட்டால் அந்த ஜீவகாருண்யத்தின் விலை தெரியும். முள்ளும் ஓடுமாக வலையைக் கிழிக்கும் மீன், சந்தையில் யாரும் சீந்தாத மீன். நம் பக்கத்திலிருந்து ஃபுளோரிடாவுக்கு ஹைட்ரில்லா போனது, தென்னமெரிக்கா நமக்குச் சக்கர் மீனை அனுப்பியிருக்கிறது. இரண்டு சரக்குக்கும் நடுவில் நின்று தரகு பார்த்தது மீன்தொட்டி வியாபாரம்.

அப்படியானால் எதை வாங்குவது? வாட் எண்ணிக்கையைப் பார்க்காமல், வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். டிம்மர் இல்லாத விளக்கு, ரெகுலேட்டர் இல்லாத மின்விசிறி மாதிரி. இரண்டடி அகலத் தொட்டிக்கு நடுவில் ஒரு பலமான பட்டையைவிட முன்னும் பின்னும் இரண்டு மெலிந்த பட்டைகள் நல்லது. கண்ணை உறுத்தும் ஒளித்தீவும் மூலையில் இருட்டும் வராது. 6,500 கெல்வின் வெள்ளை போதும், அதற்கும் பெரிய தத்துவம் எதுவுமில்லை, பச்சை பச்சையாகத் தெரியும். இரும்புச் சட்டத்தில் தொங்கவிட்டு அரையடி உயர்த்தி இறக்கும்படி வைத்தால் அதுவும் ஒரு டிம்மர். பாதி வெளிச்சத்தில், ஆறு மணிநேரத்தில் தொடங்கி, செடி புது இலை விடுகிறதா என்று மூன்று வாரம் பார்க்க வேண்டும். புதிதாக நட்ட கிரிப்டோகோரைன் பழைய இலைகளைக் கூழாகக் கரைத்துவிட்டுத்தான் மறுபடி முளைக்கும். அந்த வாரத்தில்தான் அநேகமாக எல்லோரும் பதறிப்போய் இரண்டாவது விளக்கு வாங்குகிறார்கள். மிதக்கும் செடி கொஞ்சம் விடுவது இன்னும் உத்தமம். வெளிச்சம் மிஞ்சினால் அது பெருகி மூடிக்கொள்ளும், கைநிறைய அள்ளிப் போட்டால் திறந்துகொள்ளும். காற்றிலிருந்து கரியெடுக்கும் செடியாதலால் தண்ணீருக்குள் இருக்கும் சிட்டிகையளவு கரியில் பங்கு கேட்பதும் குறைவு. கூடவே அது தண்ணீரிலுள்ள கழிவுச் சத்தையும் உறிஞ்சிவிடும்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டயானா வால்ஸ்டட் என்ற அமெரிக்கர் 1999இல் வெளியிட்ட செடித்தொட்டிச் சூழலியல் நூலால் அறியப்பட்டவர். மண் போட்டு, சிலிண்டர் இல்லாமல் நடத்தும் தொட்டிகளுக்கு நடுப்பகலில் சில மணிநேரம் விளக்கை அணைத்துச் செடிக்கு ஒரு குட்டித் தூக்கம் தரச் சொன்னவர். காலை வெளிச்சத்தில் தீர்ந்த கரி அந்த இடைவேளையில் மண்ணிலிருந்தும் மீனிலிருந்தும் மறுபடி சேர்கிறது என்பது அவர் சொன்ன காரணம். ஒரு டைமரின் விலையில் கிடைக்கும் வைத்தியம். காலையில் மூன்று மணிநேரம், மாலை ஆறிலிருந்து பத்து வரை நாலு மணிநேரம் என்று வைத்தால் வீட்டு ஆட்கள் இருக்கிற நேரமும் அதுதான். ஹைட்ரில்லாவும் குளத்தில் இருட்டில் சேர்ந்த கரியைத்தான் விடியலில் அள்ளிக்கொள்கிறது.

கடைசியாக எஞ்சுவது, 60 வாட்டில் ஆறடித் தொட்டி மங்கலாக, அழுது வடிகிற மாதிரி இருக்காதா என்ற கேள்வி. செடியை முன்னிறுத்திச் சொன்ன காரணமெல்லாம் தீர்ந்த பிறகு வருகிற கேள்வி இது. உண்மையில் முதலிலிருந்தே கேட்க நினைத்த கேள்வியும் இதுதான். மாலை ஏழு மணிக்கு வரவேற்பறை ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு அதே தொட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.